ப்ளூமைக் காட்ட எந்தத் தொட்டி: உப்புநீரா, சுடுநீரா, குளுக்கோஸ் பாகா?

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் எரிமலை மாதிரி ஒன்று நிச்சயம் இருக்கும். களிமண் மலை, உள்ளே சமையல் சோடா, மேலிருந்து வினிகர், கொஞ்சம் கேசரி பவுடர். நுரை பொங்கும், கைதட்டல் கிடைக்கும். அந்த எரிமலை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் மட்டும் மேசைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை ஆசிரியரைப் பார்க்கும். அதற்குப் பதிலாக இந்த முறை ப்ளூமைக் காட்டலாமே என்று யோசிக்கும் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்து ஆசிரியர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எதைச் சரியாகக் காட்டும், எது பொய் சொல்லும் என்பதுதான் விஷயம்.

சுற்றியிருப்பதைவிட லேசான ஒன்று ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து மேலே எழுந்தால் அது ப்ளூம். கனமான ஒன்று தொடர்ந்து கீழே இறங்கினாலும் ப்ளூம்தான். வட சென்னையில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அனல்மின் நிலையப் புகைபோக்கியின் உச்சியில் ஒன்று. அதே நிலையம் குளிர்விக்கப் பயன்படுத்திய பிறகு திருப்பி விடும் வெதுவெதுப்பான நீர் இன்னொன்று. 2010-இல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்ட மீஞ்சூர் கடல்நீர் நிலையம் கடலுக்குத் திருப்பி அனுப்பும் உப்பு மிகுந்த நீர் மூன்றாவது. அது கடல்நீரைவிடக் கனம் என்பதால் கீழ்நோக்கிப் போகும்.

நான்காவது நம் கண்ணுக்குத் தெரியாதது. பூமியின் கவசம், அதாவது மேலோட்டுக்குக் கீழே உள்ள தடித்த பாறை அடுக்கு, சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் புவிக்கருவைத் தொடுகிறது. அங்கே சூடேறிய பாறை, திடமாகவே இருந்துகொண்டு, கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மேலேறுகிறது. ஹவாய்த் தீவுகள் ஏன் ஒரே வரிசையில் வயதுப்படி அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்றன என்பதற்கு 1963-இல் புவி இயற்பியலாளர் டூசோ வில்சன் ஒரு விளக்கம் சொன்னார்: கீழே எரிமலைகளுக்குத் தீனி போடும் ஒரு சூடான இடம், ஹாட்ஸ்பாட், நிற்கிறது, மேலே தட்டு, அதாவது பூமியின் மேற்புறப் பாறைப் பலகை, நகர்கிறது. 1971-இல் இன்னொரு புவி இயற்பியலாளர் ஜேசன் மார்கன் அந்த ஹாட்ஸ்பாட்டுக்குக் கீழே கவசத்தின் அடியாழம் வரை போகும் ப்ளூம் இருக்கிறது என்றார்.

இந்த நான்கையும் ஒரே மாதிரியில் காட்டிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். முடியாது. காரணம் ஒன்றே ஒன்று: ப்ளூம் தன்னைச் சுற்றியிருப்பதை விழுங்கிக்கொண்டு போகிறதா, இல்லையா? மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். விலை, அழகு, கூட்டம் சேருமா என்பதெல்லாம் அப்புறம்.

புகைபோக்கிப் புகை விழுங்கும். சுருண்டு சுருண்டு பக்கத்துக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே போகும். மார்ட்டன், டெய்லர், டர்னர் மூவரும் 1956-இல் இதற்கு ஓர் எளிய கணக்கு கொடுத்தார்கள். ப்ளூம் மேலே ஏறும் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேகத்தில் பக்கத்திலிருப்பது உள்ளே வருகிறது என்று வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து கிடைத்துவிடும். காற்று அசையாத நேரத்தில் பத்து மீட்டர் ஏறினால் ஆரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் கூடும். உயரம் இரண்டு மடங்கானால் ப்ளூமுக்குள் ஓடும் பொருளின் அளவு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். கூடியதெல்லாம் வெளியிலிருந்து வந்த காற்று. புகை நீர்த்துப்போவது இப்படித்தான். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் புகைபோக்கி வேண்டும் என்று நம் நாட்டில் விதி வைத்ததும் இந்த நீர்த்தலை நம்பித்தான்.

கவசத்தில் இந்த விளையாட்டு நடக்காது. அங்கே பாகுநிலை, அதாவது ஒரு பொருள் ஓட மறுக்கும் அளவு, சுமார் 1-க்குப் பின்னால் 21 பூஜ்ஜியம் போட்ட அளவு பாஸ்கல்-நொடி. தண்ணீருக்கு அது ஆயிரத்தில் ஒன்று. அவ்வளவு கெட்டியான பொருளில் சுழிப்பு என்பதே கிடையாது. ப்ளூம் வழுக்கிக்கொண்டு ஏறும், சிதறாது. வெப்பமும் சுலபத்தில் தப்பாது, ஏனென்றால் நூறு கிலோமீட்டர் பருமனான பாறையைக் கடத்தல் மூலம் மட்டும் ஆறவைக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் அவ்வளவு தூரம் ஏறி வந்த பிறகும் ப்ளூம் சுற்றுப்புறத்தைவிட 200, 300 டிகிரி கூடுதல் சூட்டோடு இருக்க முடிகிறது. அடர்த்தி வித்தியாசமோ ஒரு சதவீதம்கூட இல்லை.

சரி, தொட்டிகளுக்கு வருவோம்.

செலவே இல்லாதது ஊதுபத்தி. நுனியிலிருந்து ஒரு சாண் உயரம் வரை புகை நூல் பிடித்தாற்போல் ஏறும், பிறகு நெளியும், அப்புறம் உடைந்து சுழலும். சீரான ஓட்டம் கொந்தளிப்பாக மாறுவதை இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது. ஆனால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். சென்னையில், நூறு பேர் நிற்கும் வகுப்பறையில், மின்விசிறியை நிறுத்துங்கள் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் காட்ட நல்லது, கண்காட்சிக்கு வேண்டாம்.

சூடான மெழுகு உருண்டைகள் ஏறி இறங்கும் லாவா விளக்கை யூட்யூப்பில் பார்த்துவிட்டு வந்து கேட்கும் பிள்ளைகள் உண்டு. அழகுதான். ஆனால் அதைப் பார்த்தால் கவசம் உருகிய குழம்பு என்ற எண்ணம் மனதில் பதிந்துவிடும். நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் கவசத்தினூடே போகின்றன. திரவத்தில் அவை போகவே போகாது. கவசம் திடப் பாறை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ப்ளூம் மேலே வந்து அழுத்தம் குறைந்த பிறகுதான் அதில் ஒரு பகுதி உருகுகிறது. கவச ப்ளூமின் தலைக்குப் பின்னால் வரும் மெல்லிய வாலும் விளக்கின் உருண்டைகளுக்குக் கிடையாது. விட்டுவிடலாம்.

சுடுநீர் முறை பல பேருக்குத் தெரிந்தது. சின்ன பாட்டிலில் மை கலந்த சுடுநீரை ஊற்றி, மூடியில் துளை போட்டு, குளிர்ந்த நீர்த் தொட்டியின் அடியில் இறக்கினால் நிறம் கிளம்பி மேலே வரும். இதன் பலம், இது எதற்கும் ‘மாதிரி’ இல்லை, அசலே இதுதான். அனல்மின் நிலைய வெந்நீர் எண்ணூர்க் கழிமுகத்தில் செய்வதும் இதையேதான்: மேலே வந்து பரவும், மேல்மட்டத்தில் ஒரு சூடான படலமாக நிற்கும். 1999 ஜூனுக்குப் பிறகு வந்த கடலோர நிலையங்கள், வெளியேறும் நீர் சேரும் இடத்தின் வெப்பநிலையை 7 டிகிரிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த 7 டிகிரி என்றால் என்ன என்று ஒரு வெப்பமானியை மேலேயும் கீழேயும் வைத்துக் காட்டினால் முகத்துவாரத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும், அவர்கள் அந்தத் தண்ணீரில் இறங்கியவர்கள்.

பலவீனங்களும் உண்டு. பாட்டில் ஆறிக்கொண்டே போகும், அதனால் ப்ளூமின் பலம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நான்கைந்து முறை காட்டியதும் தொட்டியின் மேல்பாதி முழுக்கச் சாயமாகிவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் கொதிநீர் கொடுக்க எனக்குப் பயம். இன்னொன்று: 30 டிகிரி தண்ணீருக்கும் 60 டிகிரி தண்ணீருக்கும் அடர்த்தி வித்தியாசம் ஒன்றேகால் சதவீதம்தான். ஒரு லிட்டரில் இரண்டு டேபிள்ஸ்பூன் உப்பைக் கரைத்தால் அதைப் போல் இரண்டு மடங்கு வித்தியாசம் கிடைத்துவிடும், அடுப்பே தேவையில்லை.

அதனால் உப்புநீர். கொளத்தூர் கலர் மீன் கடைகளில் கிடைக்கும் சாதாரண மீன் தொட்டி போதும், ஒன்றரை அடி ஆழம் இருந்தால் நல்லது. தொட்டியில் நல்ல தண்ணீர். மேலே ஒரு பாட்டிலில் கேசரி பவுடர் கலந்த உப்புநீர். அதிலிருந்து மருந்துக்கடையில் வாங்கிய டிரிப்ஸ் ட்யூப், அதன் சக்கரத்தைத் திருகினால் ஓட்டம் கூடும், குறையும். ட்யூபின் முனை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். ஓட்டம் குறைவாக இருந்தால் ஒரு மெல்லிய நூல் இறங்கும். சக்கரத்தைத் திறக்கத் திறக்க அது நெளிந்து, உடைந்து, கூம்பாக விரியும். கைபேசியில் படம் பிடித்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் புகைபோக்கி. திருப்பாமல் பார்த்தால் காட்டுப்பள்ளிக் கடலடி.

“சார், தலைகீழா காட்டுறது ஏமாத்துறது இல்லையா?” என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி, நடுவரும் இதைத்தான் கேட்பார். ஏமாற்று இல்லை. அடர்த்தி வித்தியாசம் சில சதவீதம் மட்டும் இருக்கும்போது, மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் சமன்பாட்டில் ஒரு குறிதான் மாறும். இந்தத் துறையின் ஆய்வுக்கூடங்களிலும் உப்புநீரைக் கீழே விட்டுத்தான் புகையைப் படிக்கிறார்கள். ஒரே ஒரு விலக்கைச் சொல்லிவிடுங்கள்: புகைபோக்கியின் வாயில் வாயு 130 டிகிரி அளவில் இருந்தால் வெளிக்காற்றைவிடக் கால் பங்கு லேசாக இருக்கும், அது ‘சில சதவீதம்’ ஆகாது. ஆனால் காற்றை விழுங்க விழுங்க அந்த வித்தியாசம் சீக்கிரமே சிறுத்துவிடும், அங்கிருந்து மேலே உப்புநீர்க் கணக்கு சரியாக வரும்.

உப்புநீர்த் தொட்டியை நான் முன்னே வைப்பதற்கு முக்கியக் காரணம் செலவல்ல. அதே தொட்டியில் காற்றையும் காட்டலாம், போகிப் பண்டிகைக் காலையையும் காட்டலாம். காற்றுக்கு, ட்யூபின் முனையை மெல்லக் கிடையாக இழுத்துக்கொண்டே போங்கள். அசையாத நீரில் நகரும் முனையும், நகரும் காற்றில் அசையாத புகைபோக்கியும் ஒன்றுதான். ப்ளூம் வளைந்து பின்தங்குவது தெளிவாகத் தெரியும்.

போகிக்கு, தொட்டியின் கீழ்ப்பாதியில் முதலிலேயே அடர்ந்த உப்புநீரை மெதுவாக, ஒரு தட்டின் மேல் விழும்படி ஊற்றி, அதன்மேல் நல்ல நீரைச் சேர்த்துவிடுங்கள். இப்போது மேலிருந்து விடும் சாய உப்புநீர் பாதி வழியில் நின்று பக்கவாட்டில் பரவும். நல்ல தண்ணீரை விழுங்கி விழுங்கித் தன் கனத்தை இழந்துவிட்டதால் அதனால் அடியிலுள்ள அடுக்கைத் துளைக்க முடியவில்லை. மார்கழி, தை விடியலில் தரையருகே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் இருக்கும்போது வியாசர்பாடித் தெருவில் கொளுத்திய பாயும் டயரும் விட்ட புகை கூரைக்கு மேல் போகாமல் படுத்துக்கிடப்பது இப்படித்தான். உயரமான புகைபோக்கிக்கு அதே காலையில் வேறு விதி: அதன் வாய் அந்த அடுக்குக்கு மேலே இருந்தால் புகை நமக்கு இறங்கி வராது.

கடலோரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கோடையில் மதியவாக்கில் கடற்காற்று உள்ளே வரும். கடலின் மேலிருந்து வரும் அந்தக் காற்று அடுக்குக் குலையாமல் அமைதியாக இருக்கும். கரையோரப் புகைபோக்கியின் புகையும் அதில் மெல்லிய பட்டையாக, கலையாமல், உள்நாட்டுக்குப் போகும். ஆனால் சூடான தரைக்கு மேல் வந்ததும் காற்றின் அடிப்பகுதி கொதித்து மேல்நோக்கிக் கலங்கத் தொடங்கும். கரையிலிருந்து தள்ளிப் போகப் போக அந்தக் கலங்கல் அடுக்கின் உயரம் கூடும். அது புகைப் பட்டையைத் தொடும் இடத்தில், மேலே போன புகை அப்படியே தரைக்கு இழுத்து வரப்படும். புகைபோக்கிக்கு அடியில் இருப்பவர் ஒன்றும் உணராமல், சில கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் மூச்சுத் திணறுவது இதனால்தான் நடக்கலாம். இதைத் தொட்டியில் காட்டுவது கஷ்டம். ஒரு அட்டையில் வரைந்து பக்கத்தில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எர்ணாவூர், மீஞ்சூர் பக்கம் ஆழ்துளைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீஞ்சூர் நிலத்தடிநீரில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. தொட்டியில் ஏற்கெனவே உப்பு இருந்தால் உங்கள் ப்ளூம் சோம்பிப்போகும். மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர் நல்லது.

இவ்வளவு சொல்லிவிட்டு, உப்புநீர்த் தொட்டியின் மேல் ‘தக்காணப் பீடபூமி உருவான விதம்’ என்று மட்டும் எழுதி ஒட்டாதீர்கள். அது பொய். தக்காணம் கவச ப்ளூமின் வேலை, அங்கே இப்படிப்பட்ட விழுங்கல் இல்லை, கொந்தளிப்பு இல்லை. தக்காணம் வேண்டும் என்றால் குளுக்கோஸ் பாகுக்குப் போக வேண்டும்.

இது கொஞ்சம் வேலை பிடித்தது. ஸ்வீட் கடைக்காரர்கள் பயன்படுத்தும் திரவக் குளுக்கோஸ், சவுகார்பேட்டை மொத்தக் கடைகள் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். தண்ணீரைவிடப் பல்லாயிரம் மடங்கு கெட்டி. மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடிக்கு நான்கு கிலோவுக்கு மேல் வேண்டும். சாய்த்து மெதுவாக ஊற்றி, குமிழிகள் அடங்க ஒரு இரவு விட வேண்டும். அப்புறம் அதே பாகில் கொஞ்சம் தண்ணீரும் நிறமும் கலந்து இளக்கி, அடியில் விட்ட ட்யூப் வழியே ஊசிக்குழலால் மெல்ல, மிக மெல்லச் செலுத்துங்கள். முதலில் அடியில் ஒரு உருண்டை வீங்கும். போதுமான அளவு பெருத்ததும் பிய்த்துக்கொண்டு கிளம்பும், பின்னால் மெல்லிய வாலோடு. பெரிய தலை, ஒல்லியான வால்.

1975-இல் வைட்ஹெட், லூதர் இருவரும் இத்தகைய கெட்டித் திரவங்களில்தான் இந்த வடிவத்தைப் படித்தார்கள். 1990-இல் கிரிஃபித்ஸும் கேம்பலும் சூடான பாகை வைத்துச் செய்து பார்த்துவிட்டு, கவசத்தின் அடியிலிருந்து கிளம்பும் தலை மேலே வரும்போது ஆயிரம் கி.மீ. குறுக்களவுக்கு வளர்ந்துவிடும், தட்டின் அடியில் முட்டித் தட்டையாகும்போது இரண்டாயிரம் கி.மீ. ஆகும் என்று கணக்கிட்டார்கள். தலை மட்டும் கொஞ்சம் விழுங்கும் என்பதையும் அவர்கள் கண்டார்கள்: பக்கத்துப் பாறையின் மெல்லிய ஓர் அடுக்கைச் சூடாக்கி, இளக்கி, தனக்குள் சுருட்டிக்கொள்ளும். புகையின் அவசரமான விழுங்கல் அல்ல, ஊறவைத்து விழுங்குவது.

இந்தத் தலைக்கும் வாலுக்கும் நம் நாட்டுப் பாறையே சாட்சி. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தலை வந்து முட்டியபோது கொட்டிய எரிமலைக் குழம்பு இன்றும் ஐந்து லட்சம் சதுர கி.மீ. பரப்பில் தக்காணத்தில் கிடக்கிறது. எல்லோராவின் கைலாசநாதர் கோயில் அந்தக் குழம்பு இறுகிய பசால்ட் பாறையைக் குடைந்ததுதான். இந்தியா வடக்கே நகர்ந்துவிட, வால் அங்கேயே நின்று லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் வழியாக வரிசையாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போய், இன்று ரியூனியன் தீவில் எரிமலையாகக் கொதிக்கிறது.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. துறைமுகத்திலிருந்து நேர் கிழக்கே சுமார் ஆயிரம் கி.மீ. போனால், வங்கக் கடலின் வண்டல் அடியில் புதைந்து ஒரு மலைத்தொடர் வடக்குத் தெற்காக ஓடுகிறது. 90 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி இருப்பதால் ‘நைன்டி ஈஸ்ட் ரிட்ஜ்’ என்று அந்தப் பெயரே அதற்கு. ஜார்க்கண்டின் ராஜ்மகால் எரிமலைப் பாறைகளோடு தொடர்புபடுத்தப்படும், தெற்கு இந்தியப் பெருங்கடலின் கெர்கெலன் ப்ளூமின் வால் போட்ட தடம் அது. கண்காட்சி வரைபடத்தில் சென்னையிலிருந்து ஒரு கோடு போட்டு இதைக் காட்டினால், ஹவாயைவிட இது கூட்டத்தை நிறுத்தும்.

பாகு ஜாடியும் முழு உண்மை சொல்லாது. நிலநடுக்க அலைகளை வைத்துப் பூமியின் உட்புறத்தைப் படமெடுத்த ஃபிரெஞ்ச், ரோமனோவிச் இருவரும் 2015-இல், ஹாட்ஸ்பாட்டுகளுக்கு அடியில் ஆயிரம் கி.மீ. ஆழத்துக்குக் கீழே ப்ளூம்கள் எதிர்பார்த்ததைவிட மிகப் பருமனாக இருப்பதைக் காட்டினார்கள். ஜாடியில் தெரியும் ஒல்லி வால் அங்கே இல்லை. ப்ளூம் ஆடாமல் அசையாமல் நிற்கும் என்பதும் தளர்ந்துவிட்டது: ஹவாய் ஹாட்ஸ்பாட்டே 8 கோடி முதல் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை தெற்கே நகர்ந்திருக்கிறது என்று கடலடிப் பாறைகளின் காந்தத் திசை சொல்கிறது. எல்லா ஹாட்ஸ்பாட்டுக்கும் ஆழமான ப்ளூம் தேவையில்லை, தட்டில் விழும் விரிசலே போதும் என்று வாதிடும் புவியியலாளர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையையும் சொல்லுங்கள். நடுவருக்கு அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும்.

என் தேர்வு: ஒரே மேசை, ஒரே தொட்டி என்றால் உப்புநீர்தான், தலைப்பு எண்ணூர்ப் புகையும் காட்டுப்பள்ளிக் கடலும். பெரியவர் ஒருவர் கூடவே நிற்க முடியும், கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது என்றால் பக்கத்தில் பாகு ஜாடியையும் வையுங்கள். இரண்டும் அருகருகே இருந்தால் விழுங்குவதற்கும் வழுக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டாம். எட்டாம் வகுப்புக்குக் கீழே பாகு மட்டும் வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஒரு ப்ளூம் ஏற நிமிடக்கணக்கில் ஆகும், அவ்வளவு பொறுமை யாருக்கும் கிடையாது. சுடுநீர், எண்ணூர்க் கழிமுகம் பற்றி மட்டும் பேசப்போகும் மேல்வகுப்புக் குழுவுக்கு.

பாகை வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். அதன் கெட்டித்தனம் சூட்டில் வேகமாகக் குறையும், டிசம்பரில் ஒத்திகை பார்த்துவிட்டு ஏப்ரலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே காட்டினால் வால் வேறு மாதிரி வரும், அன்று காலையே ஒருமுறை விட்டுப் பாருங்கள். ஜாடியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் நடுவருக்கு முன்பே எறும்பு வந்துவிடும்.